சானியா மிர்சாவின் கணக்கு: ஒற்றையரில் 27, இரட்டையரில் 1

முன்னாள் டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சாவைப் பற்றிய செய்திக் குறிப்புகளில் சில எண்கள் தவறாமல் இடம்பெறுகின்றன: 6 கிராண்ட்ஸ்லாம் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நான்கு பெரும் போட்டிகள்) பட்டங்கள், 43 இரட்டையர் பட்டங்கள், உலகின் முதலிடத்தில் 91 வாரங்கள், ஒற்றையரில் 27ஆம் இடம். இவற்றை அருகருகே வைத்துப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பே. 27ஆம் இடத்துக்கு மேல் ஏறாதவர் எப்படி உலகின் முதலிடத்தில் இருந்தார்? அந்த 43 பட்டங்களுக்குள் 6 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களும் அடங்குமா? ஒற்றையர் ஆட்டத்தை விட்டது தோல்வியா, திட்டமா?

டென்னிஸில் வெற்றிகள் எப்படி எண்ணப்படுகின்றன என்று தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை தாமாகவே அவிழ்ந்துவிடும். அந்தக் கணக்கு தெரிந்த பிறகு அவருடைய இருபதாண்டு ஆட்ட வாழ்க்கையைப் பார்த்தால், இரட்டையருக்கு அவர் மாறியதைப் பின்வாங்கல் என்று சொல்ல மனம் வராது. உடலின் நிலை, ஆட்டத்தின் இயல்பு, தன் பலம், தன் பலவீனம் ஆகிய அனைத்தையும் எடைபோட்டு எடுக்கப்பட்ட முடிவு அது.

மூன்று ஆட்டங்கள், இரண்டு பட்டியல்கள்

ஒரு கிராண்ட்ஸ்லாம் போட்டியில் ஒரு பெண் மூன்று பிரிவுகளில் ஆடலாம். ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடுவது ஒற்றையர். இரண்டு பெண்கள் சேர்ந்து இன்னொரு இணையை எதிர்கொள்வது மகளிர் இரட்டையர். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவது கலப்பு இரட்டையர். ஒற்றையரில் 128 பேர் களமிறங்குவதால் பட்டம் வெல்ல 7 ஆட்டங்களில் வெல்ல வேண்டும். மகளிர் இரட்டையரில் 64 இணைகள், 6 ஆட்டங்கள். கலப்பு இரட்டையர் இவற்றைவிடச் சிறிய பிரிவு.

மகளிர் டென்னிஸை நடத்தும் டபிள்யூ.டி.ஏ. அமைப்பு இரண்டு தரவரிசைகளை மட்டுமே வெளியிடுகிறது: ஒற்றையருக்கு ஒன்று, இரட்டையருக்கு ஒன்று. கலப்பு இரட்டையருக்குத் தரவரிசையும் இல்லை, புள்ளிகளும் இல்லை. அங்கே கோப்பையும் பரிசுப்பணமும் கிடைக்கும். பட்டியலில் ஓர் இடம்கூட நகர முடியாது. சானியாவின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான விதி வேறில்லை.

தரவரிசை கணக்கிடப்படும் முறை

1. ஒரு வீராங்கனையின் கடந்த 52 வார முடிவுகள் மட்டுமே கணக்கில் வரும். சென்ற ஆண்டு ஒரு போட்டியில் பெற்ற புள்ளிகள், இந்த ஆண்டு அதே போட்டி முடியும்போது கழிந்துவிடும். இதனால்தான் ‘புள்ளிகளைத் தக்கவைப்பது’ என்று டென்னிஸ் செய்திகளில் அடிக்கடி சொல்கிறார்கள்.

2. ஆடிய எல்லாப் போட்டிகளும் சேர்க்கப்படுவதில்லை. சானியா ஆடிய காலத்தின் பெரும்பகுதியில் ஒற்றையருக்குச் சிறந்த 16 முடிவுகளும் இரட்டையருக்குச் சிறந்த 11 முடிவுகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன.

3. இரட்டையரிலும் தரவரிசை இணைக்குரியது அல்ல, தனி நபருக்குரியது. வெவ்வேறு துணையுடன் வென்ற புள்ளிகள் ஒரே பெயரின் கீழ் சேரும். ஆகவே ஒன்றாகவே ஆடும் இருவர் வெவ்வேறு இடங்களில் இருக்க முடியும்.

இந்த மூன்றாவது விதி பின்னால் இரண்டு முறை நம் கதைக்குள் வரும்.

ஒற்றையர் ஆண்டுகள்

1986இல் மும்பையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த சானியா, 2003இல் தொழில்முறை ஆட்டத்துக்குள் வந்தார். அதே ஆண்டில் விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டத்தை ரஷ்யாவின் அலிசா கிளெய்பனோவாவுடன் வென்றிருந்தார். அவருக்கு முன் இந்தியப் பெண்களின் நிலை என்னவாக இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1968க்குப் பிந்தைய ‘ஓபன்’ காலத்தில், கிராண்ட்ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஓர் ஒற்றையர் ஆட்டத்தையாவது வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமையைக் கோவையின் நிருபமா வைத்தியநாதன் பெற்றது 1998 ஆஸ்திரேலிய ஓபனில்தான்.

2005 ஆஸ்திரேலிய ஓபனில் சானியாவுக்கு ‘வைல்டு கார்டு’ கிடைத்தது. தரவரிசை போதாத ஒருவரைப் போட்டி நடத்துபவர்களே தம் விருப்பத்தின் பேரில் சேர்த்துக்கொள்வதற்கு அந்தப் பெயர். இரண்டு சுற்றுகளை வென்று மூன்றாம் சுற்றில் செரீனா வில்லியம்ஸிடம் தோற்றார். ஓர் ஆட்டம் செட்களாகவும், ஒரு செட் கேம்களாகவும் பிரியும். முதல் செட்டை 1–6 என்று இழந்தவர் இரண்டாவதில் 4–6 வரை போராடியதைத்தான் அன்று பலரும் பேசினார்கள். அடுத்த மாதம் சொந்த ஊரான ஹைதராபாத்தில் நடந்த போட்டியில் பட்டம் வென்று, டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அதற்கடுத்த மாதம் துபாயில், அப்போதைய அமெரிக்க ஓபன் சாம்பியன் ஸ்வெட்லானா குஸ்னெட்சோவாவை நேர் செட்களில் வீழ்த்தினார். செப்டம்பரில் அமெரிக்க ஓபனின் நான்காம் சுற்று வரை சென்று மரியா ஷரபோவாவிடம் வீழ்ந்தார். ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற டபிள்யூ.டி.ஏ. விருதும் அவருக்கே.

2007 கோடையில் அமெரிக்காவில் ஆடிய தொடர் ஆட்டங்கள் அவரை ஆகஸ்டு 27 அன்று 27ஆம் இடத்துக்குக் கொண்டு சென்றன. இந்த எண்ணை ‘27 மட்டுமே’ என்று எழுதுபவர்கள் டென்னிஸின் பரப்பை மறந்துவிடுகிறார்கள் என்றே தோன்றுகிறது. நூற்றுக்கணக்கான வீராங்கனைகள் ஆண்டு முழுவதும் நாடு நாடாகச் சென்று போட்டியிடும் ஒரு பட்டியலில் முதல் 30க்குள் வருவது, கிராண்ட்ஸ்லாமில் முதல் இரு சுற்றுகளில் வலுவான எதிராளிகளைத் தவிர்க்கும் உரிமையைப் பெறுவதாகும். இந்தியப் பெண்களில் வேறு எவரும் ஒற்றையரில் அந்த இடத்தை நெருங்கியதில்லை.

மணிக்கட்டு

சானியாவின் ஆட்டத்தை உயர்த்தியது அவருடைய ஃபோர்ஹேண்ட், அதாவது மட்டை பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை அடிக்கும் அடி. அந்த அடியைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்க வேண்டும். வழக்கமான ஃபோர்ஹேண்டில் விசை கால்களில் தொடங்கி, இடுப்பு, தோள், முழங்கை என ஏறி வந்து, கடைசியில் மட்டையின் நுனிக்குப் போகும். சானியா மட்டையை அதிகம் பின்னுக்கு இழுக்க மாட்டார். பந்து நெருங்கும் வரை காத்திருந்து, முன்கையையும் மணிக்கட்டையும் சட்டென்று சொடுக்கி, பந்தைத் தட்டையாகவும் தாழ்வாகவும் அனுப்புவார். பந்து எந்தப் பக்கம் போகும் என்பதை எதிராளி கடைசி நொடி வரை ஊகிக்க முடியாது. அதன் விலையை மணிக்கட்டுதான் கொடுத்தது. பயிற்சியிலும் ஆட்டத்திலுமாக ஒரே மூட்டு அத்தனை அதிர்ச்சியையும் நாள்தோறும் ஏற்றது.

2008இல் வலது மணிக்கட்டு காயம் தீவிரமானது. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதல் சுற்று ஆட்டத்தின் நடுவிலேயே விலக நேர்ந்தது. அதே ஆண்டு அறுவைச் சிகிச்சையும் நடந்தது. டென்னிஸில் ஆறு மாத ஓய்வு என்பது ஆறு மாதப் புள்ளிகளின் இழப்பு. மேலே சொன்ன 52 வார விதி, காயம்பட்டவருக்காகக் காத்திருப்பதில்லை. திரும்பி வருபவர் சிறிய போட்டிகளிலும் தகுதிச் சுற்றுகளிலும் கூடுதலாக ஆடித்தான் பழைய இடத்தை எட்ட வேண்டும். கூடுதலாக ஆடினால் மணிக்கட்டு மறுபடி வலிக்கும். இந்தச் சுழலில் சில ஆண்டுகள் கழிந்த பின், 2012க்குப் பிறகு அவர் ஒற்றையரிலிருந்து ஏறக்குறைய முற்றிலும் விலகினார்.

இரட்டையர் ஏன் பொருந்தியது?

வயதாகிறது, ஓட முடியவில்லை, எனவே இரட்டையர் என்று எளிதாகச் சொல்லிவிடுவதுண்டு. சானியா மாறும்போது அவருக்கு வயது 26. காரணங்கள் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கின்றன.

1. சர்வீஸ். சானியாவின் பலவீனம், ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கிவைக்கும் அடியான சர்வீஸ்; அதிலும் முதல் முயற்சி தவறினால் அடிக்கும் இரண்டாவது சர்வீஸ். ஒற்றையரில் இரண்டு கேம்களுக்கு ஒரு முறை சர்வ் செய்ய வேண்டும். இரட்டையரில் நான்கு கேம்களுக்கு ஒரு முறைதான் அந்தப் பொறுப்பு வரும். பலவீனம் வெளிப்படும் வாய்ப்பு பாதியாகக் குறைகிறது. அவர் சர்வ் செய்யும்போதும் வலையருகே துணை நிற்பதால், எதிராளி பந்தை விருப்பம்போல அடித்துத் திருப்ப முடியாது.

2. ரிட்டர்ன். எதிராளியின் சர்வீஸை அடித்துத் திருப்புவதில் சானியா உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். இரட்டையரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் நிலையாக ஒதுக்கப்படும். அவர் வலப்பக்கம் நின்று, தன் ஃபோர்ஹேண்டைக் குறுக்குக் கோட்டில் பாய்ச்சுவார். எதிராளி தடுமாறித் திருப்பும் பந்தை வலையருகே நிற்கும் துணை முடித்துவைப்பார்.

3. பரப்பு. ஒற்றையர் ஆடுகளத்தின் அகலம் 8.23 மீட்டர்; அதை ஒருவரே காக்க வேண்டும். இரட்டையரில் அகலம் 10.97 மீட்டர், ஆனால் காப்பவர் இருவர். ஒருவரின் பங்கு சுமார் ஐந்தரை மீட்டர்தான். பக்கவாட்டு ஓட்டம் சானியாவுக்கு எப்போதுமே சிரமமாக இருந்தது.

4. நீளம். கிராண்ட்ஸ்லாம் அல்லாத போட்டிகளில் இரட்டையரின் மூன்றாவது செட்டுக்குப் பதிலாக, 10 புள்ளிகளை இலக்காகக் கொண்ட டை-பிரேக் என்ற குறுகிய மோதல் ஆடப்படுகிறது. ஆட்டம் சீக்கிரம் முடிவதால் மணிக்கட்டுக்கு ஓய்வு கிடைக்கிறது.

இழப்பும் உண்டு. இரட்டையரின் பரிசுப்பணம் ஒற்றையரோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. தொலைக்காட்சி ஒளிபரப்பும் விளம்பரதாரர் கவனமும் அப்படியே. இவற்றை அறிந்தே அவர் மாறினார்.

மகளிர் கிராண்ட்ஸ்லாம் இல்லாமலே முதலிடம்

2015 ஏப்ரல் 13 அன்று சானியா இரட்டையர் தரவரிசையின் முதலிடத்துக்கு வந்தார். எந்தப் பட்டியலிலும் அந்த இடத்தைப் பிடித்த முதல் இந்தியப் பெண் அவர். அன்று அவரிடம் மூன்று கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் இருந்தன: மகேஷ் பூபதியுடன் 2009 ஆஸ்திரேலிய ஓபன், அவருடனேயே 2012 பிரெஞ்சு ஓபன், பிரேசிலின் புரூனோ சோரஸுடன் 2014 அமெரிக்க ஓபன். மூன்றும் கலப்பு இரட்டையர். தரவரிசைக்கு அவை தந்த புள்ளிகள் பூஜ்யம்.

அப்படியென்றால் முதலிடத்துக்கான புள்ளிகள் எங்கிருந்து வந்தன? ஒரு பகுதி ஜிம்பாப்வேயின் காரா பிளாக்குடன் ஆடிய காலத்தில் சேர்ந்தது. 2014 இறுதியில் சிங்கப்பூரில் நடந்த டபிள்யூ.டி.ஏ. ஃபைனல்ஸ் பட்டத்தை அந்த இணை 6–1, 6–0 என்று ஒருதலைப்பட்சமாக வென்றது. மறு பகுதி, 2015 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸுடன் இணைந்த பின் அடுத்தடுத்து வென்ற இந்தியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் பட்டங்களிலிருந்து வந்தது. ஒன்றாக ஆடிய ஹிங்கிஸ் அன்று முதலிடத்துக்கு வரவில்லை. காரா பிளாக்குடன் சானியா சேர்த்த புள்ளிகள் ஹிங்கிஸுக்குக் கிடையாது. அவர் சானியாவுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொள்ள 2016 ஜனவரி வரை ஆனது.

ஹிங்கிஸுடன் 14 பட்டங்கள்

ஹிங்கிஸ் வலையருகே வித்தகர். ஃபோர்ஹேண்டுக்கு மறுபக்கம் அடிக்கும் பேக்ஹேண்ட் அவர் பலம். சானியா பின்கோட்டிலிருந்து ஃபோர்ஹேண்டால் தாக்குபவர். ஒருவரின் குறையை மற்றவர் முழுமையாக மூடிய இணை இது. ‘சாண்டினா’ என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்கள்.

2015 விம்பிள்டன் இறுதி ஆட்டம் இந்த இணையின் குணத்தைக் காட்டியது. எதிரே ரஷ்யாவின் மகரோவா–வெஸ்னினா. முதல் செட் 5–7 என்று போனது. இரண்டாவது டை-பிரேக்கில் கிடைத்தது. மூன்றாவது செட்டில் 2–5 என்று பின்தங்கியிருந்தார்கள். அங்கிருந்து 5–5 என்று சமன் செய்தபோது வெளிச்சம் மங்கியதால் ஆட்டம் நிறுத்தப்பட்டு, மைய அரங்கின் கூரை மூடப்பட்டது. திரும்பி வந்தவர்கள் மீதமிருந்த இரண்டு கேம்களையும் எடுத்து 7–5 என்று முடித்தார்கள். சானியாவின் முதல் மகளிர் இரட்டையர் கிராண்ட்ஸ்லாம் அது.

அதே ஆண்டு அமெரிக்க ஓபனில் தொடங்கி 2016 பிப்ரவரி வரை அவர்கள் தோற்கவே இல்லை. ஒன்பது பட்டங்கள், தொடர்ச்சியாக 41 வெற்றிகள். இடையில் 2016 ஆஸ்திரேலிய ஓபனும் வசமானது. தோஹாவில் கசட்கினா–வெஸ்னினா இணைதான் அந்த ஓட்டத்தை நிறுத்தியது.

ஒற்றையரின் முன்னணியினர் ஆடாததால்தான் இரட்டையரில் வெல்ல முடிகிறது என்ற விமர்சனம் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் 2015 டபிள்யூ.டி.ஏ. ஃபைனல்ஸ் இறுதியில் எதிரே நின்றவர்கள் ஸ்பெயினின் முகுருசாவும் சுவாரெஸ் நவாரோவும். முகுருசா அதே ஆண்டு விம்பிள்டன் ஒற்றையர் இறுதியில் ஆடியவர். முடிவு 6–0, 6–3. 2016 தொடக்கத்தில் பிரிஸ்பேன் இறுதியில் வீழ்ந்த இணையில் இருந்த ஆங்கெலிக் கெர்பர், அதே மாத இறுதியில் ஆஸ்திரேலிய ஓபன் ஒற்றையர் சாம்பியன் ஆனார். விமர்சனம் எதுவாக இருந்தாலும் இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும்.

பட்டம் வென்ற வாரத்தில் முதலிடம் போனது

2016 ஆகஸ்டில் இணை பிரிந்தது. 2017 ஜனவரியில் பிரிஸ்பேனில் அமெரிக்காவின் பெத்தானி மேட்டக்-சாண்ட்ஸுடன் ஆடி சானியா பட்டம் வென்றார். அந்த வாரமே முதலிடத்தை இழந்தார். அதை எடுத்துக்கொண்டவர், உடன் ஆடிய மேட்டக்-சாண்ட்ஸ்! செய்தியைப் படித்த பலரும் அச்சுப்பிழை என்றே நினைத்திருப்பார்கள்.

விதி 1, விதி 3 இரண்டையும் சேர்த்தால் விடை கிடைக்கும். முந்தைய ஆண்டு அதே பிரிஸ்பேனில் ஹிங்கிஸுடன் சானியா பட்டம் வென்றிருந்தார். பழைய பட்டத்தின் புள்ளிகள் கழிந்தன, புதிய பட்டத்தின் புள்ளிகள் கூடின. நிகர லாபம் இல்லை. மேட்டக்-சாண்ட்ஸுக்கோ வந்த புள்ளிகளெல்லாம் ஆதாயம். 91 வாரங்களின் கணக்கு இப்படி முடிந்தது.

துணையைத் தேர்ந்தெடுக்க முடியாத இடம்

டபிள்யூ.டி.ஏ. போட்டிகளில் எந்த நாட்டவருடனும் இணையலாம். ஒலிம்பிக்கில் துணை தன் நாட்டவராகவே இருக்க வேண்டும். இணையைத் தேசியச் சங்கம் முடிவு செய்யும். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன், சக இந்திய வீரர்களான பூபதியும் ரோகன் போபண்ணாவும் இன்னொரு இந்திய வீரர் லியாண்டர் பயஸுடன் ஆட மறுத்த சிக்கலில், கலப்பு இரட்டையரில் சானியாவைப் பயஸுடன் சேர்த்தது சங்கம். பயஸைச் சமாதானப்படுத்தத் தன்னைத் தூண்டில் இரையாகப் பயன்படுத்துகிறார்கள் என்று அவர் பகிரங்கமாகவே எதிர்ப்புத் தெரிவித்தார். சில வாரங்களுக்கு முன்புதான் பூபதியுடன் பிரெஞ்சு ஓபன் வென்றிருந்த ஒருவரின் அந்த ஆதங்கம் நியாயமானது. காலிறுதியில் தோற்றார்கள். 2016 ரியோவில் ரோகன் போபண்ணாவுடன் நான்காம் இடம். ஒலிம்பிக் பதக்கம் அவருக்கு வாய்க்கவில்லை.

தாய்மைக்குப் பின் திரும்பிய வழி

2017 அக்டோபருக்குப் பின் முழங்கால் காயத்தால் விலகியிருந்த சானியா, 2018 அக்டோபரில் தாயானார். அப்போது டபிள்யூ.டி.ஏ. விதியில் ஒரு மாற்றம் வந்தது. நீண்ட விலகலுக்குப் பின் வருபவர், விலகும்போது இருந்த தரவரிசையைக் காட்டிக் குறிப்பிட்ட எண்ணிக்கைப் போட்டிகளில் நுழையலாம் என்பது ‘சிறப்புத் தரவரிசை’. மகப்பேற்றுக்குப் பின் வருபவர்கள் குழந்தை பிறந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை இதைப் பயன்படுத்தலாம் என்று 2019 பருவத்திலிருந்து வழி செய்யப்பட்டது.

2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் உக்ரைனின் நாடியா கிச்செனோக்குடன் திரும்பிய சானியா, அந்த முதல் போட்டியிலேயே பட்டம் வென்றார். 9ஆம் இடம் என்ற சிறப்புத் தரவரிசையைக் கொண்டுதான் அங்கிதா ரெய்னாவுடன் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் நுழைந்தார். அங்கே முதல் சுற்றில் எதிரே நின்றவர்கள் அதே நாடியாவும் அவருடைய இரட்டைச் சகோதரியும். முதல் செட்டை 6–0 என்று எடுத்த பின்னும் ஆட்டம் கைநழுவியது. அதே 2021இல் சீனாவின் ஷாங் ஷுவாயுடன் ஆஸ்ட்ராவாவில் வென்றது அவருடைய 43ஆவது பட்டம். 2022இலேயே விடைபெற நினைத்தவரை முழங்கைக் காயம் தள்ளிப்போட வைத்தது. 2023 ஆஸ்திரேலிய ஓபனில் போபண்ணாவுடன் கலப்பு இரட்டையர் இறுதி வரை சென்று, பிப்ரவரியில் துபாயில் ஆட்டத்தை நிறைவு செய்தார்.

எண்களை ஒப்பிடும்போது

1. 43 பட்டங்கள் என்பது மகளிர் இரட்டையர் பட்டங்கள் மட்டும். 2015 விம்பிள்டன், 2015 அமெரிக்க ஓபன், 2016 ஆஸ்திரேலிய ஓபன் மூன்றும் அதற்குள் வரும். கலப்பு இரட்டையர் கிராண்ட்ஸ்லாம்கள் மூன்றும் அதற்கு வெளியே உள்ளவை.

2. இரண்டு பிரிவுகளையும் சேர்த்தால் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் பட்டம் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஓர் இடம் காலி: மகளிர் இரட்டையரில் பிரெஞ்சு ஓபன், கலப்பில் விம்பிள்டன். முதலாவதில் 2011 இறுதி ஆட்டத்தில் வெஸ்னினாவுடன் இணைந்து ஆடித் தோற்றார். இரண்டாவதில் 2022இல் குரோஷியாவின் மாட்டே பாவிச்சுடன் அரையிறுதி வரை சென்றார்.

3. பயஸின் 18 கிராண்ட்ஸ்லாம்களில் 10உம் பூபதியின் 12இல் 8உம் கலப்பு இரட்டையர். மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து சானியாவை அவர்களுக்குக் கீழே வரிசைப்படுத்தும் பட்டியல்களைப் படிக்கும்போது, புள்ளிகள் உள்ள பிரிவில் யாருக்கு எத்தனை என்று பிரித்துப் பார்ப்பதே சரியான முறை. அப்படிப் பார்த்தால் பயஸ் 8, பூபதி 4, சானியா 3. முதலிருவருக்கும் முன் ராமநாதன் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் என்று ஒரு நீண்ட மரபு வழிகாட்டியிருந்தது. சானியாவுக்கு முன், ‘ஓபன்’ காலத்து இந்தியப் பெண்கள் வரிசையில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரின் இரண்டாம் சுற்றைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை.